லிஃப்ட்டுக்காரர் பால் கறந்த கதை

ஒரு ஊர்ல ஒரு லிஃப்ட்டுக்காரர் இருந்தாரு. ஊர்னா வேற எதுவுமில்ல, மெட்ராஸ்தான், வண்ணாரப்பேட்டை. அவரு பேரு வேதமுத்து. ஒரு பெரிய ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குள்ள ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, யாரு எந்த மாடினு கேட்டு பட்டன் அமுக்கறதுதான் வேலை. விர்ர்னு மேல போவாரு, விர்ர்னு கீழ வருவாரு. வெளிய மழை பெய்யுதானு உள்ள வர்றவங்க குடையைப் பார்த்துதான் அவருக்குத் தெரியும். நீ கண்ணை மூடிக்கிட்டே கேளு, நடுவுல ம் சொல்லு.

ம்.

அவரு வீட்டம்மா பேரு கிருபாவதி. அவளுக்கு அவ அப்பா கொஞ்சம் நிலம் விட்டுட்டுப் போயிருந்தாரு, தெக்க சாத்தான்குளம் பக்கம். கிணறும் ஒரு ஓட்டு வீடும் இருந்துச்சு. ரிட்டயர் ஆனதும் அங்க போயி மாடு, கோழி வெச்சுக்கிட்டுப் பொழைக்கணும்னு வேதமுத்துவுக்கு ஆசை. ஆனா கிருபாவதி ஒரே பேச்சுல முடிச்சுட்டா.

"நான் வரல."

"ஏன்மா?"

"அங்க போனா நீங்க மரத்தடியில கட்டிலைப் போட்டுக் காத்து வாங்குவீங்க. அடுப்பு ஊதறது, கோழி அடைக்கறது, பால் கறக்கறது எல்லாம் என் தலையில விழும். சின்ன வயசுல செஞ்சதே எனக்குப் போதும்."

"நானும் செய்வேன்ல?"

"உங்களுக்கு பட்டன் அமுக்கத்தானே தெரியும்."

அவருக்குக் கோவம் வரல. அவ சொன்னது உண்மைதானே. கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் சொன்னாரு, "சரி, இங்க இருந்துக்கிட்டே கத்துக்கறேன். இந்த மூணும் எனக்கு வந்துட்டா நீ வருவியா?"

"வரட்டும், பார்க்கலாம்"னா. சொல்லிட்டு அவ சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு, அது ரெண்டு நாளைக்கு அவரு காதுலயே இருந்துச்சு.

அப்போ முதல்ல அடுப்பு. மொட்டை மாடியில மூணு செங்கல்லை வெச்சாரு, மரக்கடையில கழிச்சுப் போட்ட கட்டையைக் கொண்டு வந்தாரு, அரிசிப் பானையை ஏத்திப் பத்த வெச்சாரு. புஸ்ஸுனு புகை. ஊதுனாரு. ஃபூ, ஃபூ. புகைதான் வருது, நெருப்பு வரல. பக்கத்து மாடியில துணி காயப்போட்டவங்க, வீடு பத்திக்கிச்சுனு நினைச்சு ஒரு குடம் தண்ணியைக் கொண்டாந்து ஊத்திட்டாங்க. சொய்ங்ங். அடுப்பும் போச்சு, அரிசியும் போச்சு.

மறு ஞாயித்துக்கிழமை திரும்பவும் ஏறினாரு. சோறு அடி கருகி, மேல அரிசியா கிடந்துச்சு. அப்புறம் கட்டையை நெருக்கி வைக்கக் கூடாது, நடுவுல காத்துக்கு வழி விடணும்னு அவருக்கே புரிஞ்சுது. ஒருநாள் சோறு பூவா வெந்துச்சு, குழம்பும் கொதிச்சு வந்துச்சு. கிருபாவதி ஒரு வாய் எடுத்துப் போட்டா.

"குழம்புல உப்பு கம்மி"ன்னா. ஆனா ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

தூங்கிட்டியா? இல்லயா? சரி.

அப்புறம் கோழி. ரெண்டு பொட்டைக்கோழியும் ஒரு சேவலும் வாங்கிட்டு வந்தாரு. கொக், கொக், கொக்குனு மாடியெல்லாம் சுத்துச்சுங்க. ஒரு கோழி அடை படுத்துச்சு. கூடையில வைக்கோல் போட்டு, அதுல முட்டையை வெச்சு, மாடிப்படிக்கு அடியில வெச்சாரு. குஞ்சு பொரிச்சுது. கீச் கீச் கீச். அவருக்கு ஆஸ்பத்திரியில இருப்புக் கொள்ளல. லிஃப்ட்ல வர்றவங்க கிட்டல்லாம், "எங்க வீட்ல குஞ்சு பொரிச்சிருக்கு"னு சொல்லிச் சொல்லி மாடி மாத்தி இறக்கி விட்டாரு.

ஆனா மறுநாள் ஒரு பூனை வந்து ரெண்டு குஞ்சைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அவரு படியில உட்கார்ந்து அழுதாரு. அவ்வளவு பெரிய மனுஷன், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாரு. கிருபாவதி பக்கத்துல வந்து நின்னா.

"அங்க பூனையோட கீரியும் வரும்"னா. வெடுக்குனுதான் சொன்னா, ஆனா முகம் வாடித்தான் இருந்துச்சு.

அப்போ அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒரு பழைய லிஃப்ட்டோட கம்பிக் கதவைக் கழட்டிப் போட்டிருந்தாங்க, இப்படி மடங்கி மடங்கி இழுக்கறது. கேட்டு வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவுல ஏத்திக் கொண்டாந்து, கோழிக்கூண்டுக்குக் கதவா மாட்டினாரு. சாயங்காலம் ஆனா கோழியெல்லாம் வரிசையா உள்ள போகும். "எந்த மாடி?"னு கேட்டுட்டு, சரக்குனு இழுத்துச் சாத்துவாரு. அதுக்கப்புறம் ஒரு குஞ்சுகூடக் குறையல.

ரெண்டு முடிஞ்சுது. மூணாவது என்ன?

பால்.

ஆமா, பால். ரெண்டு தெரு தள்ளி கன்னியம்மானு ஒருத்தி நாலு மாடு வெச்சிருந்தா. விடியக்காலையில எழுந்து அங்க போயி, "கறக்கக் கத்துக் குடும்மா"னு நின்னாரு. வீட்ல மட்டும் வாக்கிங் போறேன்னு சொல்லிட்டாரு. நல்லா வந்தப்புறம் காட்டிக்கலாம், அதுக்கு முன்னாடி அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேக்க வேணாம்னுதான்.

முதல் நாள் மடியைத் தொட்டதுமே மாடு விட்டுச்சு ஒரு உதை. பொத்துனு சாணியில விழுந்தாரு.

"அண்ணே, உங்க கை ஜில்லுனு இருக்கு. மாட்டுக்குக் கூசும்ல? நல்லா தேய்ச்சுக்கிட்டுத் தொடுங்க"ன்னா கன்னியம்மா.

தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு. அன்னிக்கு ரெண்டு சொட்டு வந்துச்சு. அப்புறம் ஒருநாள் அரைச் செம்பு வந்துச்சு, அதையும் மாடு வாலை வீசித் தட்டி விட்டுடுச்சு. ஆனா அவரு விடல. முதல்ல கன்னுக்குட்டியை ஊட்ட விடணும், மடி இளகணும், விரல்ல துளி எண்ணெய் தடவிக்கணும். இப்படி ஒண்ணொண்ணாப் பிடிபட்டுச்சு.

அப்படி இருக்கறப்போ, ஒருநாள் கன்னியம்மா தொழுவத்துல வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா. மாவுக்கட்டு போட்டாச்சு. அவ மகன் லாரியோட வடக்க போயிருந்தான். விடிஞ்சப்போ நாலு மாடும் கத்துதுங்க. ம்மாஆஆ, ம்மாஆஆ. மடியெல்லாம் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு. கறக்காம விட்டா மடி வீங்கி, நோவு வந்துடும். வாசல்ல பாலுக்கு ஆளுங்க செம்போட நிக்கறாங்க. கன்னியம்மா கயித்துக்கட்டில்ல உட்கார்ந்து, ஒத்தக் கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தா.

வேதமுத்து லுங்கியை மடிச்சுக் கட்டினாரு, கையைத் தேய்ச்சாரு, உட்கார்ந்தாரு. முதல் மாடு. ரெண்டாவது மாடு. மூணாவதுக்கு வர்றப்போ விரல் மரத்துப் போச்சு. நாலாவதுதான் அந்த உதைக்காரி. காலைத் தூக்குச்சு. அவரு அதோட தொடையில கையை வெச்சு, லிஃப்ட்ல சொல்ற மாதிரியே, "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லும்மா"ன்னாரு. அது ஒருதரம் திரும்பிப் பார்த்துட்டு, காலைக் கீழ வெச்சுது. சர்ர், சர்ர், சர்ர்.

அன்னிக்கு மட்டுமில்ல, காலையில, சாயங்காலம், தினமும் போனாரு. விரலெல்லாம் வாழைக்கா மாதிரி தடிச்சுப் போச்சு. சோத்தைப் பிசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டாரு.

"கையில என்ன?"ன்னா கிருபாவதி.

"பட்டன் அமுக்கி அமுக்கி."

"இத்தனை வருஷம் வீங்காத கை இப்பதான் வீங்குதா?"

அவரு குனிஞ்சு சாப்பிட்டாரு. மறுநாள் காலையில அவரு கிளம்பினதும், அவளும் செருப்பை மாட்டிக்கிட்டுப் பின்னாடியே வந்துட்டா.

ம்...

தொழுவத்து வாசல்ல கன்னியம்மா அவளைப் பார்த்தா. பால் வாங்க வந்த பொம்பளைனு நினைச்சு, "கொஞ்சம் இரும்மா, அண்ணன் கறந்துக்கிட்டிருக்காரு"ன்னா.

"எந்த அண்ணன்?"

"ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டுவாராம். இத்தனை நாளா என் நாலு மாட்டையும் அவருதான் காப்பாத்தறாரு. ஒரு டம்ளர் பால் குடுத்தாக்கூட வாங்க மாட்டேங்கறாரு."

கிருபாவதி எட்டிப் பார்த்தா. மாட்டு வயித்துல நெத்தியைச் சாய்ச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அவ புருஷன் கறந்துக்கிட்டிருந்தாரு. வாளியில நுரை ததும்புது. செம்போட நின்ன அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னா, "அவரு எங்க வீட்டுக்காரர்."

குரல் கேட்டு வேதமுத்து திரும்பினாரு. கை நின்னு போச்சு.

"என்னை ஏன் பார்க்கறீங்க? மாட்டைப் பாருங்க"ன்னா.

கறந்து முடிச்சாரு. ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தாங்க. தெரு முனையில அவ நின்னா. அப்புறம் அவரு கையைப் பிடிச்சு, அந்த வீங்கின விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஒரு மாடு பத்தாது"ன்னா.

"என்ன?"

"அங்க போனா ரெண்டு மாடு வாங்கணும். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. யாரு நிறையக் கறக்கறாங்கனு பார்த்துடலாம்."

"நீதான் ஜெயிப்ப."

"அது எனக்குத் தெரியும்"னா கிருபாவதி. சொல்லிட்டு, கையை விடாமலே வீடு வரைக்கும் நடந்தா.

அவ்வளவுதான். மாடும் படுத்தாச்சு, கோழியும் அடைஞ்சாச்சு, கதையும் முடிஞ்சாச்சு. நீயும் தூங்கு.