முதல் கல்லுக்கும் இரண்டாம் கல்லுக்கும் நடுவே

அருமைநாயகம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவர். நாற்பத்தெட்டு வயதில் ஓடைப்பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை இளவேனில் அவரைவிட ஒன்பது வயது இளையவர். அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார்.

தேயிலை மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றுதான் கீழே இருக்கும் ஊருக்குக் குடிநீர். இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரில் நாற்றம். காரணத்தைக் கண்டு எழுதித் தரும்படி ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

அருமைநாயகம் ஆறு மாதம் உழைத்தார். ஓடைக்கற்களில் ஒட்டியிருந்த பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார்.

மேலே, காட்டோரத்தில் எடுத்த முதல் கல்லில் நாற்பத்து மூன்று வகை இருந்தன. கண்ணாடி ஓடு போர்த்தியவை, படகு போன்றவை, நிழலான குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் சிவப்புப் பாசி ஒன்று. தவளை முட்டை போலக் கொழகொழவென்று.

தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் துணி துவைக்கும் துறைக்குக் கீழே எடுத்த இரண்டாம் கல்லில் ஐந்தே வகை. தலைமுடி போல நீண்ட ஒரு பச்சைப் பாசி மற்றதையெல்லாம் மூடியிருந்தது.

'காரணம் சோப்பு' என்று எழுதினார். துறைக்கு வேலி போட வேண்டும் என்று அறிக்கையை முடித்தார்.

இளவேனில் அதைப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்கே மறுபடி திரும்பினார்.

"தப்பா எழுதிட்டேனா மேடம்?"

"எண்ணிக்கை சரியா இருக்கு சார். அழுக்குச் சட்டை ஒண்ணு எடுத்துக்கோங்க. காலைல மலைக்குப் போவோம்."

மறுநாள் துறையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். முத்துப்பேச்சி என்பவள் நகர்ந்து, தன் துவைகல்லை அவருக்குக் கொடுத்தாள். அருமைநாயகம் சட்டைக்குச் சோப்புப் போட்டு அலசினார். நுரை அவர் முழங்காலைச் சுற்றியே நின்றது.

"நுரை போகலியே" என்றார்.

முத்துப்பேச்சி சிரித்தாள். "எங்க சார் போகும்? நான் கல்யாணமாகி வந்தப்ப சேலையை ஒரு கையால புடிச்சுக்கிட்டேதான் சோப்புப் போடணும். விட்டா இழுத்துட்டுப் போயிரும். எங்க மாமியார் சேலை ரெண்டு இப்ப எந்த ஊர்ல கெடக்கோ."

"எப்போலேர்ந்து இப்படி ஆச்சு?"

"ரெண்டு வருசம் இருக்கும்." அவள் குரல் இறங்கியது. "இங்க வேலி போடப் போறாங்களாமே சார். லைன்ல குழாய் கெடையாது. நாங்க எங்க போவோம்? யாரோ எழுதிக் குடுக்கப் போறாங்கன்னு சொல்றாங்க."

அருமைநாயகம் சட்டையைப் பிழிவதை நிறுத்தினார்.

"நான்தாம்மா எழுதுறது."

முத்துப்பேச்சி அவரையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடுங்க. நீங்க புழியறதுல தண்ணியே போகாது."

வாங்கிப் பிழிந்து, உதறி, பாறையில் விரித்தாள்.

அருமைநாயகம் எழுந்தார். ஓடைக்குள்ளேயே மேல் நோக்கி நடக்க ஆரம்பித்தார். முதல் கல்லுக்கும் இரண்டாம் கல்லுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர். ஆறு மாதமும் அந்தத் தூரத்தை மலையைச் சுற்றி ஜீப்பில்தான் கடந்திருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். அட்டை கடித்த கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது.

"தடுப்புச் சுவர் கட்டியிருக்காங்க மேடம். தொடை மொத்தத்துக்குக் குழாய். மலைக்கு அந்தப் பக்கம் புதுசா வந்த சொகுசு விடுதிக்குப் போகுது. சுவர்ல கசியறதுதான் இங்க வர்றது."

"கட்டி எத்தனை நாளாச்சு?"

"சிமெண்டுல வருசம் போட்டிருக்கு. ரெண்டு வருசம்."

பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"சோப்புன்னு எழுதினதை அடிச்சுடறேன் மேடம்."

"ஏன்?"

"இவங்க பாவம்."

"பாவம்தான். நுரையை நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்ப அது இருக்கட்டும்."

"அது இருந்தா வேலி இங்கதானே வரும்?"

இளவேனில் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டார். பச்சை முடி படர்ந்த சிறு கல் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்குக் கால் இருக்கா சார்?"

"இல்லை."

"இருந்த இடத்துலேயே இருந்து, தன்கிட்ட என்ன வந்துச்சுன்னு அது சொல்லிடுச்சு. என்ன வராமப் போச்சுன்னு நடந்து போய்ப் பாத்தவருதான் எழுதணும்."