"போறேன்" என்ற சொல் திறந்த பள்ளம்

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, நீலகிரியும் பழனி மலையும் ஒரே மலையாக ஒட்டிக் கிடந்தன. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இல்லை. வடகோடி முதல் தென்கோடி வரை மஞ்சு மூடிய சோலைக்காடு. அதில் செம்மார்புப் பறவைகள், எல்லாம் ஒரே குடி.

மலைக்கு அடியில் ஒரு காற்று படுத்திருந்தது. அதற்குச் சொற்கள்தான் இரை. அதனால் சோலையில் ஒரு வழக்கம்: புறப்படுகிறவர்கள் "போய் வரேன்" என்பார்கள். "போறேன்" என்று பாதியில் விடமாட்டார்கள். சொல்லாமல் விட்ட மீதியின் இடத்தில் காற்றுக்கு ஒரு வாய் திறந்துகொள்ளும் என்று பயம்.

வெள்ளாயி என்ற பறவை இரண்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரை கொண்டுவருவது தங்கை மஞ்சாயியின் பொறுப்பு. ஒருநாள் தெற்கே பழம் பழுத்திருக்கிறது என்று மஞ்சாயி கிளம்ப, அக்காள் கேலி செய்தாள்.

"அடுத்த மரத்துக்கே உனக்கு மூச்சு வாங்கும். தெற்குச் சோலையாம்."

மஞ்சாயிக்குச் சுருக்கென்றது. "நான் போறேன்" என்றாள்.

"வரேன்னு சொல்லிட்டுப் போடி."

மஞ்சாயி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் மஞ்சு அசையாமல் நின்றது. மலையின் நடுவில் மண் சத்தமில்லாமல் விலகியது. மரங்கள் சாயக்கூட இல்லை. இருந்த இடம் தெரியாமல் போயின. பள்ளத்திலிருந்து காற்று எழுந்தது.

அலகில் பழத்தோடு மஞ்சாயி திரும்பியபோது எதிரே சோலை இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெயில் காயும் சமவெளி. தாழப் பறந்தால் சூடு சிறகைச் சுட்டது. மேலே பறந்தால் காற்று தூக்கி எறிந்தது. "அக்கா" என்று கூப்பிட்டாள். காற்று அந்தச் சொல்லை விழுங்கியது.

விழுங்கியதை வைத்துக்கொண்டது. சற்று நேரத்தில் வெள்ளாயியின் கூட்டுக்குக் கீழே மஞ்சாயியின் குரல் கேட்டது. "அக்கா... அக்கா..."

வெள்ளாயி எழுந்தாள். முட்டைகளின்மேல் குளிர் பட்டது. குரல் தள்ளித் தள்ளிப் போக, அவளும் கிளை கிளையாகப் பின்னே போனாள். பள்ளத்துக்கு இன்னும் ஒரு கிளைதான் மிச்சம்.

அக்கரையில் மஞ்சாயிக்கு அக்காளின் கேலி நினைவு வந்தது. மூச்சு வாங்கத்தான் வாங்கியது. அழ ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு சொல் இல்லையே. அதை எப்படிப் பிடிப்பதென்று காற்றுக்குத் தெரியவில்லை. சிரிப்பு பள்ளத்தைத் தாண்டிப்போய் வெள்ளாயியின் காதில் விழுந்தது.

தங்கை அங்கே சிரிக்கிறாள் என்றால், கீழே கூப்பிடுவது யார்?

வெள்ளாயி பறந்துவந்து கூட்டில் உட்கார்ந்தாள். ஒரு முட்டை சில்லிட்டுவிட்டது. ஒன்று பிழைத்தது. அவளும் பதிலுக்குச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தக் குடியில் யாரும் சொல்லால் பேசவில்லை, சிரிப்பு மட்டும்தான்.

மஞ்சாயி விளிம்பிலேயே காத்திருந்தாள். மஞ்சு படிந்து படிந்து அவள் செம்மார்பு சாம்பலாயிற்று. கடைசியில் தெற்கே கூடு கட்டினாள். பேத்திகளுக்குப் பேத்திகள் வந்தார்கள். இரு கரையின் சிரிப்பும் மாறி மாறி, ஒன்றுக்கு மற்றது விளங்காமல் போயிற்று. அக்கரைச் சிரிப்பு கேட்டால் குஞ்சுகள் இப்போது ஒடுங்கிக்கொள்கின்றன, காற்றுதான் கூப்பிடுகிறது என்று.

இரத்தம் மட்டும் மறக்கவில்லை. ஒரு துளியைப் படிக்கத் தெரிந்தவர்களிடம் அது இரு கரையும் ஒரு தாய் வழி என்கிறது. வழி எங்கே முறிந்தது என்று கேட்டால், அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அன்றிலிருந்துதான் அவர்கள் வழிவந்த சிரிப்பான் குருவி வடக்கே செம்மார்போடும் தெற்கே சாம்பல் மார்போடும் இருக்கிறது. மஞ்சு இறங்கினால் ஒரு தரம் சிரித்துவிட்டு, பதிலுக்காகச் சற்று நேரம் சும்மா இருக்கிறது. கணவாயில் மட்டும் இன்னமும் யாரோ "அக்கா" என்கிறார்கள்.