பழிப்பேயின் மூக்கு

ஆடு மாடெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பேய்களும் பட்டப்பகலில் ஊருக்குள் நடந்து போய்வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று பழிப்பேய். அதற்கு ஒரே வேலைதான். அநியாயம் நடந்த இடத்தில் நின்று யாராவது மூன்று பிடி மண்ணை வாரித் தூற்றி, “செஞ்ச கால் முடங்கட்டும்” என்று சொன்னால் போதும், வந்துவிடும். அதற்குக் கண் மந்தம். மூக்கு மட்டும் படு கூர்மை. தப்பு செய்தவரின் காலடி அதற்குத் தனியாக மணக்கும். ஒவ்வொரு தடமாக மோந்துகொண்டே போய், தடம் முடிகிற இடத்தில் நிற்பவரின் கால்களை முடக்கிவிட்டுத்தான் திரும்பும்.

சீனித்தாய் வற்றிய குளத்துக்குள் வெள்ளரி போட்டிருந்தாள். ஒருநாள் உச்சிப்பொழுதில் போய்ப் பார்த்தால், பூவும் பிஞ்சுமாகப் பாதிக் கொடி அறுபட்டுக் கிடந்தது. பக்கத்துப் பாத்திக்காரி குருவம்மாளுக்கும் அவளுக்கும் ஊற்றுத் தண்ணீர் இறைப்பதில் நெடுநாள் தகராறு. அப்புறம் யோசிப்பானேன்? மூன்று பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டாள். குருவம்மாள் காலை இழுத்து இழுத்துக் குடம் சுமப்பதை நினைத்தபோது, உள்ளதைச் சொன்னால், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்தாள். வாசலில் அவளுடைய ஆறு வயது மகள் முப்பிடாதி சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆட்டுக்குட்டி எதையோ மென்றுகொண்டு நின்றது.

“வாயில என்ன?” என்றாள் சீனித்தாய்.

“வெள்ளரிப் பிஞ்சு,” என்றது குட்டி. “அக்காதான் கொடியோட அறுத்துத் தந்தா. இன்னும் இருக்காம்மா?”

சீனித்தாய் குளத்துக்கே திரும்பி ஓடினாள். அங்கே பழிப்பேய் வந்து, குனிந்து முதல் தடத்தை மோந்துகொண்டிருந்தது.

“சாமி, ஆள் தெரியாமக் கூப்பிட்டுட்டேன். திரும்பிப் போயிருங்க.”

“தெரிஞ்சுக்கிட்டுல்ல கூப்பிட்டிருக்கணும்? வந்துட்டா வேலைய முடிக்காமப் போறது எனக்குப் பழக்கமில்ல,” என்று சொல்லிவிட்டு அது அடுத்த தடத்துக்குக் குனிந்தது.

இனி அதோடு பேசிப் பயனில்லை. சீனித்தாய் அதற்கு முன்னால் ஓடி, மகளின் காலடி பதிந்த மண்ணையெல்லாம் அள்ளி அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டாள். தடம் காணாமல் பேய் சற்றுத் திகைத்தது. பிறகு முந்தானையிலிருந்து வந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தது.

கடைசித் தடம் முப்பிடாதி நின்ற இடத்திலேயே இருந்தது. அதையும் வழித்தாள். உள்ளங்கால்களைத் துடைத்தாள். எங்காவது ஒட்டியிருக்குமோ என்று பிள்ளையைச் சுற்றி மூன்று தரம் கையைக் கொண்டுபோனாள். மண் முழுவதையும் எரிகிற அடுப்பில் கொட்டினாள். அப்போதும் மனசு ஆறவில்லை. குழம்புக்கு அரைக்க அம்மிமேல் வைத்திருந்த மிளகாயையும் உப்பையும் வாரி அதன்மேலேயே போட்டாள்.

பேய் வாசலில் நின்று மூச்சை ஆழமாக இழுத்தது. அவ்வளவு நெடியும் அதன் மூக்குக்குள் போய்விட்டது. கூரை ஓலை பறக்கும்படி தும்மியது. மூக்கு வீங்கி, கண்ணில் நீர் வடிய, எதிரே நின்ற பிள்ளையைப் பார்த்துக் கேட்டது:

“யாரும்மா கொடிய அறுத்தது?”

“நாந்தான்,” என்றாள் முப்பிடாதி.

சீனித்தாய் பாய்ந்து பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

“சும்மா இரு. வாயால சொல்றத நம்பி எந்தக் காலையும் நான் முடக்கினதில்ல. மூக்கு சொல்லணும்,” என்று முணுமுணுத்துவிட்டு, பேய் தும்மிக்கொண்டே ஊரைத் தாண்டிப் போனது.

சீனித்தாய் மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மறுநாள் ஊற்றில் குருவம்மாளை முதலில் இறைக்க விட்டாள். ஏன் என்று கேட்ட குருவம்மாளின் குடத்தைத் தானே தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

அடுப்பில் அத்தனை மிளகாய் கருகியும் தாய்க்கும் மகளுக்கும் ஒரு செருமல்கூட வரவில்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்று முதல்தான் பிள்ளையின் காலடி மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். நெடி வராவிட்டால், ஏதோ ஒன்று வாசல் வரை வந்துவிட்டுத்தான் போயிருக்கிறது என்று பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொள்கிறார்கள்.