மூன்று பூ குறைந்த போர்வை

கேளுங்கள், பெரியவர்களே, சிறியவர்களே. உப்பு வண்டிகள் மணி குலுங்க மலையேறிய காலத்தில் வெட்சிமலை என்று ஒரு நாடு இருந்தது. எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லித் தொடங்கினால் கதை முழுக்கக் கோணிப்போகும். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த நாட்டு அரசனுக்கு ஒரே மகள். பெயர் ஆம்பல். அவளைப் பனி பெய்யும் வடநாட்டுக்கு மணம் பேசி முடித்தார்கள். அங்கே எட்டு மாதம் குளிர். பூ என்று ஒன்றைக் கண்ணால் காண்பதே அரிது.

அரசன் தன் தையற்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினான்: "என் மகள் குளிரில் நடுங்கக் கூடாது. நம் மலையை மறக்கவும் கூடாது. நூறு வெட்சிப் பூ வைத்து ஒரு போர்வை தையுங்கள்."

வெட்சிப் பூவுக்கு நான்கு இதழ். நான்கு சிவப்பு இதழ், நடுவில் ஒரு மஞ்சள், நான்கு மூலையிலும் பச்சை இலை. ஒரு பூவுக்கு ஒன்பது துண்டு. நூறு பூவுக்குத் தொள்ளாயிரம் துண்டு. ஒவ்வொன்றாக வெட்டித் தைத்துக்கொண்டிருந்தால் கல்யாணம் முடிந்து வளைகாப்பே வந்துவிடும்.

அதனால் அந்தக் கூடத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் தைப்பார்கள், பிறகுதான் வெட்டுவார்கள். பச்சை, சிவப்பு, பச்சை என்று மூன்று நீளப் பட்டைகளைச் சேர்த்து ஒரு தொகுதி. சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று இன்னொரு தொகுதி. இரண்டையும் குறுக்கே மூன்று விரல் அகலத்துக்கு வெட்டினால், மூன்று நிறம் ஒட்டிய துண்டுகள் வரிசையாக விழும். இலைத் துண்டு ஒன்று, பூத் துண்டு ஒன்று, மறுபடி இலைத் துண்டு ஒன்று. மூன்றையும் சேர்த்தால் ஒரு பூ மலர்ந்துவிடும்.

முறை எளிதுதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. நீளப் பட்டையில் ஒரே ஒரு தையல் கோணினால், வெட்டிய பிறகு அந்தக் கோணல் எத்தனையோ பூவுக்குள் போய்விடும்.

அதனால் அங்கே ஒரு சட்டமும் இருந்தது, ஒரு சடங்கும் இருந்தது.

சட்டம் இது. கூடத்தில் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சின்னக் கத்திரி கொடுப்பார்கள். எவள் தையல் கோணியதோ, அவள் கத்திரியைப் பித்தளைத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

சடங்கு இது. வெட்டுவதற்கு முன் கூடத்தின் தலைவி பெரிய கத்திரியை உயர்த்திப் பிடித்து, "வெட்டட்டுமா?" என்று மூன்று முறை கேட்பாள். "வெட்டு!" என்று எல்லோரும் மூன்று முறை சொல்ல வேண்டும்.

நாற்பது ஆண்டுகளாக வேறு பதிலே வந்ததில்லை.

ஏன் தெரியுமா? வெட்டிய துண்டுகளை ஒரே கூடையில் போட்டுக் கலக்கிவிடுவார்கள். கூடைக்குள் விழுந்த துண்டு யார் தைத்தது என்று யாருக்கும் தெரியாது. பூ கோணினால், "துணி சுருங்கியிருக்கும்" என்பாள் ஒருத்தி. "காற்று இழுத்திருக்கும்" என்பாள் இன்னொருத்தி. அரண்மனைப் பெட்டிகளில் கோணல் பூப் போர்வைகள் பன்னிரண்டு கிடந்தன. தட்டில் மட்டும் ஒரு கத்திரியும் விழுந்ததில்லை.

அந்தக் கூடத்துக்குப் புதிதாக வந்தவள் தாழை. அவள் உப்பு வண்டிக்காரர் மகள். அவள் குடியில் ஊசி பிடித்தவர் அதுவரை யாரும் இல்லை. அவளுக்குக் கத்திரி கிடைத்த அன்று நாற்பது வண்டிகள் சாலையில் நின்றன. அந்தக் கத்திரியை ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அம்மா மட்டும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

தாழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள் சாத்தி. பதினெட்டு ஆண்டு அனுபவம். வாய்க்கு ஓய்வே கிடையாது.

"பார்த்துடி. உப்பு அள்ளின கை. ஊசி துருப்பிடிச்சிடப் போகுது!"

"துருப்பிடிச்சா தேய்ச்சுக்கலாம் அக்கா. உங்க நாக்கைத்தான் தேய்க்க முடியாது" என்று தாழை குனிந்தபடியே சொல்வாள். கூடமே சிரிக்கும். ஆனால் தாழை மட்டும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். ஒரு தையல் தப்பினால் போதும். நாற்பது வண்டியும் தலை குனிய வேண்டும்.

இந்தப் போர்வைக்கு வேண்டிய சிவப்புத் துணி கப்பலில் வந்தது. ஒரே சுருள். இன்னொரு சுருள் வர அடுத்த பருவக்காற்று வேண்டும். நூறு பூவுக்குக் கணக்காக இருந்தது. ஒரு விரல்கூட மிச்சமில்லை.

இலைத் தொகுதியைத் தாழையிடம் கொடுத்தார்கள். இருபத்தைந்து முழ நீளம். பூத் தொகுதியைச் சாத்தி எடுத்துக்கொண்டாள். துணி விளிம்பிலிருந்து ஒரு நெல் அகலம் தள்ளித் தைக்க வேண்டும். தாழை ஒரு நெல்மணியை மடியில் வைத்துக்கொண்டு, அளந்து அளந்து தைத்தாள். ஐந்து முழம் சரி. பத்து முழம் சரி. இருபது முழமும் சரி.

கடைசி ஐந்து முழம் இருக்கும்போது, கீழே சாலையில் காளை மணி கேட்டது. அப்பாவின் வண்டி மணி. கை தைத்துக்கொண்டிருக்க, கண் சாலைக்குப் போய்விட்டது.

பட்டையைச் சுருட்டி வைத்த பிறகுதான் அவள் விரல் அதை உணர்ந்தது. கடைசி ஐந்து முழத்தில் தையல் ஒரு நெல் அகலத்தில் இல்லை. இரண்டு நெல் அகலத்தில் ஓடியிருந்தது.

ஒரு நெல்தானே என்று நினைக்காதீர்கள். ஐந்து முழத்தில் நாற்பது துண்டு வரும். நாற்பது துண்டும் கூடையில் கலந்தால் நாற்பது பூவில் இதழும் இலையும் சேராமல் வாய் கோணி நிற்கும்.

சொல்லிவிடலாம் என்று தாழை எழுந்தாள். அதற்குள் தலைவி பெருநங்கை உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே இளவரசி ஆம்பல். கல்யாணப் பெண் பார்க்க வெட்டுவது வழக்கம்.

இரண்டு சுருளையும் நீளப் பலகையில் விரித்தார்கள். பெருநங்கை பெரிய கத்திரியை உயர்த்தினாள்.

"வெட்டட்டுமா?"

தாழை வாயைத் திறந்தாள். "வெட்டு!" என்று கூடம் முழங்கியதில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வெட்டட்டுமா?"

தாழை வாயைத் திறந்தாள். இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்திரி விலாவில் அழுத்தியது. அம்மா கை துடைத்தது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். "வெட்டு!" என்றது கூடம்.

கூடை பக்கத்திலேயே இருந்தது. ஒரு கணம் பொறுத்தால் போதும். எல்லாம் அதற்குள் விழுந்து கலந்துவிடும். யாருக்கும் தெரியாது.

அப்போது தாழை ஆம்பலைப் பார்த்தாள். ஆம்பல் குனிந்து, அந்தச் சிவப்புப் பட்டையை ஒற்றை விரலால் நெடுக வருடிக்கொண்டிருந்தாள். பனி நாட்டில் தனியாகப் படுத்து, ஒவ்வொரு பூவாக இப்படித்தான் இவள் தொட்டுப் பார்ப்பாள் என்று தாழைக்குத் தோன்றியது. கோணல் பூவில் அந்த விரல் நிற்கும்.

"வெட்டட்டுமா?"

"வெட்டாதீங்க!"

கூடம் முழங்கும் முன்பே தாழை கத்திவிட்டாள். பெருநங்கை தூக்கிய கத்திரியை இறக்கத் தெரியாமல் நின்றாள். நாற்பது ஆண்டில் இந்தப் பதில் வந்ததே இல்லையே. இதற்கு அப்புறம் என்ன செய்வது என்று சடங்கில் சொல்லப்படவில்லை.

"யார் தையல்?" என்றாள் கடைசியில்.

"என்னுதும்மா. கடைசி அஞ்சு முழம். கண்ணு சாலைக்குப் போயிடுச்சு."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? உப்பு அள்ளின கைன்னு..." என்று தொடங்கிய சாத்தி ஏனோ பாதியில் நிறுத்திவிட்டாள்.

தாழை இடுப்பிலிருந்து கத்திரியை எடுத்துத் தட்டில் வைத்தாள். வெற்றுத் தட்டு 'ணங்' என்றது. யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள்.

"நில்லுடி!"

சாத்திதான். அவள் முகம் சிவந்திருந்தது. "என் பட்டையையும் பாருங்க. நடுவுல நூல் தீர்ற நிலைக்கு வந்துடுச்சு. புது நூல் கோக்கச் சோம்பல்பட்டு, ரெண்டு முழம் எட்ட எட்டத் தச்சிருக்கேன். இழுத்தா விட்டுடும். பதினெட்டு வருஷமா இப்படி எதையாவது கூடையில தள்ளிக்கிட்டுத்தான் வர்றேன்."

இரண்டாவது கத்திரி தட்டில் விழுந்தது.

பெருநங்கை தையலைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். பிறகு தன் பெரிய கத்திரியையும் அதன்மேல் வைத்தாள்.

"மூணு தடவை கேக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் கேட்டேன். ஆனா ஒரு தடவைகூடப் பதிலைக் காதுல வாங்கினதில்லை. இன்னிக்குத்தான் வாங்கினேன்."

ஆம்பல் தட்டை எட்டிப் பார்த்து எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி, மூணு பேரும் வீட்டுக்குப் போயிட்டா என் போர்வையை யார் தைக்கிறது? மாப்பிள்ளை வீட்டாரா?"

முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது.

பெருநங்கை தட்டைக் கவிழ்த்தாள். கத்திரிகளை அவரவர் கையில் கொடுத்தாள். வெறும் தட்டைப் பலகையின் நடுவில் வைத்தாள்.

"உட்காருங்க. பிரிச்ச நூலைப் போட ஒரு தட்டு வேணும்ல. இனிமே இது அதுக்குத்தான்."

தாழை ஐந்து முழத்தைப் பிரித்தாள். சாத்தி இரண்டு முழத்தைப் பிரித்தாள். பிரித்த நூல் தட்டில் சின்னக் குருவிக்கூடுபோலக் குவிந்தது. இடையில் சாலையில் மீண்டும் காளை மணி கேட்டது. தாழை ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். அதன் பிறகுதான் தலையைத் தூக்கிச் சாலையைப் பார்த்தாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பிரிக்கும்போது அந்த மெல்லிய சிவப்புத் துணி முக்கால் முழ நீளம் நைந்துபோனது. முக்கால் முழத்தில் ஆறு இலைத் துண்டு. ஆறு இலைத் துண்டு போனால் மூன்று பூ போனது. வேறு சிவப்பும் இல்லை.

மறுநாள் காலையில் பெருநங்கை கத்திரியை உயர்த்தினாள். "வெட்டட்டுமா?" என்றாள். ஒவ்வொருத்தியும் தன் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். தலைவி காத்திருந்தாள். பிறகுதான் "வெட்டு" என்றார்கள். முழக்கமாக இல்லை, பதிலாக.

போர்வை முடிந்தது. பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம். தொண்ணூற்றேழு கட்டத்தில் பூ. எல்லாப் பூவிலும் இதழோடு இலை பொருந்தி நின்றது. கடைசி மூன்று கட்டம் மட்டும் வெறும் பச்சை.

ஆம்பல் அதை விரித்துப் பார்த்தாள். விரல் பூப் பூவாகப் போய், கடைசிப் பச்சையில் வந்து நின்றது.

தாழை தலை குனிந்தாள். சாத்திதான் முந்திக்கொண்டாள். "அது இன்னும் பூக்கலை, இளவரசி. மொட்டு."

ஆம்பல் சிரித்தாள். "அப்போ அந்த மூணும் நான் போற ஊர்ல பூக்கட்டும். அங்க கிடைக்கிற துணியில நானே தைக்கிறேன். ஆனா விளிம்புல எவ்வளவு தள்ளித் தைக்கணும்னு எனக்குத் தெரியாதே?"

தாழை மடியிலிருந்த நெல்மணியை எடுத்து, ஆம்பலின் முந்தானை நுனியில் முடிந்துவிட்டாள். "இவ்வளவுதான்" என்றாள்.

இளவரசி போனாள். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு நாள் உப்பு வண்டிக்காரர் ஒருவர் வடக்கிலிருந்து வந்த வழிப்போக்கரிடம் கேட்டுக்கொண்டு வந்த செய்தியைத் தையற்கூட வாசலில் நின்று சொன்னார். அவர் வேறு யாருமல்ல, தாழையின் அப்பா.

"நம்ம ஆம்பல் அரசியார் சொல்லச் சொன்னாங்களாம். ரெண்டு பூ நல்லா வந்திருக்கு. மூணாவது கோணல். யார் தச்சதுன்னு அரண்மனையில எல்லாரும் கேட்டாங்களாம். 'என்னுது'ன்னு சொல்லிட்டு, உட்கார்ந்து பிரிச்சிக்கிட்டிருக்காங்களாம்."

பெருநங்கை சிரித்தாள். சாத்தி சிரித்தாள். தாழை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மூவரும் அடுத்த பட்டையை எடுத்தார்கள்.

கதை முடிந்தது. என் கையில் மிஞ்சியிருக்கும் நீதி இது: தவறு ஒரே தையலாக இருக்கும்போதே அதைத் தன்னுடையது என்று சொல்லிப் பிரிப்பவர், அது நூறு பூவில் பரவாமல் காக்கிறார்.