எந்த மெஷின் வாங்கறதுங், மாஸ்டர்?

“மாஸ்டர், நூத்தம்பது பார் வாங்கறதா, இருநூறு பார் வாங்கறதா? ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

பிக்கப் வண்டியை நிறுத்தியும் நிறுத்தாததுமாக இறங்கி ஓடிவந்து நாச்சிமுத்து கேட்டது இதைத்தான்.

கேட்டது பிரஷர் வாஷரைப் பற்றி. பார் என்பது அந்த மெஷின் தண்ணீரை எவ்வளவு அழுத்தத்தில் பீய்ச்சும் என்கிற அளவு. எண் ஏற ஏற அடியும் பலமாக விழும்.

பதில் சொல்ல வேண்டியவர் ஹெலன். கோவைக்கு வெளியே மேடும் பள்ளமுமாக மண் டிராக் போட்டு, டர்ட் பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாச்சிமுத்துவைவிட ரொம்பவே சின்னவர். இருந்தாலும் அந்த மண்ணில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வாங்ணா. டீ குடிக்கறீங்களா?”

“டீ கெடக்குதுங். மெஷினைச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து எதையும் மெதுவாகச் செய்தவர் இல்லை. பல் தேய்த்தாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நல்ல மனுஷன்தான், ஆனால் வால்யூம் பட்டன் இல்லாமல் பிறந்துவிட்டார்.

“யாருக்கு மெஷின்?”

“அகல்யா பைக்கைக் கழுவத்தானுங்.”

அகல்யா அவருடைய ஒரே மகள். பிளஸ் டூ படிக்கிறாள். பிக்கப்பின் முன்சீட்டில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவளுடைய பைக் கட்டியிருந்தது, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி பளபளவென்று.

“அவ ஏன் இறங்கலை?”

நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது. அவருக்குக்கூட அது இறங்கும் போல.

“இனிமே ஓட்டமாட்டேங்கறாங், மாஸ்டர். போன ரேஸுல ஆறாவதா வந்தா. அதுக்குப் பொறவு எங்கிட்ட பேச்சே இல்ல. நேத்து ஹெல்மெட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா. ஞாயித்துக்கிழமை ரேஸுக்குப் பேரு குடுத்தாச்சு. அந்தப் புள்ளைக்கு பைக்குன்னா உசுருங். எனக்குத் தூக்கமே இல்ல.”

“ஏனாம்?”

“சேறுங், சேறு! மழை பேஞ்சு களிமண்ணு வண்டி பூரா அப்பிக்கிச்சு. மொதல் ரவுண்டு முடிஞ்சு நான் கழுவிக் குடுக்கறதுக்குள்ள அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. அத்தனை கனத்தையும் இழுத்துக்கிட்டு எப்புடிங் ஜெயிக்கறது? எங்கிட்ட இருக்கறது வெறும் நூறு பாருங். பெருசா ஒண்ணு வாங்கிட்டா சரியாப்போயிரும்.”

“கழுவறது நீங்களா?”

“பின்ன?”

“இங்க ஓட்டறவங்கதானுங்ணா கழுவோணும்.”

அந்த டிராக்கில் அப்படி ஒரு வழக்கம். ஓட்டியவரே தன் கையால் கழுவ வேண்டும். கழுவுகிற கைக்குத்தான் எந்த போல்ட் லூஸ், எங்கே விரிசல் என்று தெரியவரும்.

“அவ கழுவுனா விடிஞ்சுரும், மாஸ்டர். துணியை வெச்சுத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருப்பா. எனக்குப் பொறுக்கலை. அந்த வேலையை நானே வாங்கிக்கிட்டேன்.”

ஹெலன் பைக்கை இறக்கச் சொன்னார். தன்னுடைய பழைய வாஷரை இழுத்துவந்து அதன் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார்.

“எப்புடி அடிப்பீங்க, காட்டுங்க.”

“இது எத்தனை பாருங்?”

“பாத்ததில்லீங்ணா.”

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். முனையை முன்சக்கரத்தின் நடுவில் முட்டுகிற மாதிரி வைத்து ஒரு பிடி பிடித்தார்.

“இங்கதாங் சேறு ஒளிஞ்சுக்கும்!” என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார். “நான் வுடமாட்டேன்!”

ஹெலன் சுவிட்சை அணைத்தார். ஸ்பேனரை எடுத்துவந்து, பைக்கை ஸ்டாண்டில் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, அவரை உட்காரச் சொல்லி மடியில் வைத்தார். சக்கரத்தின் நடுவில் பேரிங்கை மூடியிருந்த ரப்பர் சீலை நெம்பி எடுத்தார்.

“பேரிங்குல விரலை வுட்டுச் சுத்துங்க.”

சுற்றினார். கரகரவென்றது. துருவேறிய தண்ணீர் வழிந்து அவருடைய வெள்ளை வேட்டியில் இறங்கியது.

நாச்சிமுத்து பம்புசெட் கடை வைத்திருப்பவர். அந்தச் சத்தத்தை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அடப்பாவமே! கிரீஸே இல்லீங்களே! சேறு உள்ள போயிருச்சுங்களா?”

“சேறு போகலைங்ணா. சீல் தடுத்துருச்சு.”

“பொறவு தண்ணி எப்புடிப் போச்சு?”

ஹெலன் அவருடைய கையைப் பார்த்தார்.

நாச்சிமுத்துவும் தன் கையைப் பார்த்தார். துப்பாக்கியைப் பிடித்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

“இந்தச் சக்கரத்தோட போனா, ஓட்டறவங்களுக்கு எப்புடிங்ணா இருக்கும்?”

“ஆடுமுங். வளைவுல கையில நிக்காது. வேகமாப் போனா...”

அவருக்குப் போன ரேஸ் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு முதல் ரவுண்டு முடிந்ததும் அகல்யா ஓடிவந்து, “அப்பா, முன்னாடி ஆடுதுங்க,” என்றாள். அவர் மெஷினை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பவுமில்லை. “சக்கரம் ஆடலை, நீதான் ஆடறே! போய் ஒழுங்கா ஓட்டு!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினார். சிலர் சிரித்தார்கள். அவள் பேசாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இதே சக்கரத்தோடு மறுபடியும் போனாள்.

பெற்ற பிள்ளையை இதில் ஏற்றி நானே அனுப்பினேனே என்று நாச்சிமுத்து சக்கரத்தை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார்.

“நடுவுல கழண்டிருந்தா?”

“கழண்டுக்கலைங்ணா. அவ வேகத்தைக் கொறைச்சுக்கிட்டா. நான் வேலி ஓரத்துல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“அதான் ஆறாவதா?”

“அதான் ஆறாவது.”

நாச்சிமுத்து சக்கரத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். கண் கலங்கியதைத் துண்டால் துடைத்தார். பிறகு, வந்த வேலையை விட்டுவிடக் கூடாதே என்று, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

“அப்ப எந்த மெஷின் வாங்கறதுங்?”

“உங்ககிட்ட இருக்கறதே ஜாஸ்திங்ணா.”

நாச்சிமுத்து எழுந்து பிக்கப்புக்கு நடந்தார். கதவைத் திறந்தார். அகல்யா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாமி, சக்கரம் ஆடறது நெசந்தான். நீ சொன்னே. நான் காதுல வாங்கலை. தப்பு என்னுதுதான்.”

அவள் ஒரு பக்கத்து இயர்போனை மட்டும் கழற்றினாள்.

“வேற ஏதாச்சும் இருந்தாலும் சொல்லு, கண்ணு.”

“சொன்னா கத்துவீங்க.”

“கத்தமாட்டேன்னுதான் சொல்றேனில்ல!”

டிராக்கின் அந்தக் கோடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அகல்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பாவும் பொத்திய கைக்குள்ளேயே சிரித்தார். ஆனாலும் கையை எடுக்கவில்லை. அவள் சிரித்து முடிக்கும்வரை அப்படியே நின்றார். அதற்குப் பிறகும் நின்றார்.

இன்னொரு இயர்போனையும் கழற்றினாள்.

“பின்னாடி பிரேக்கும் புடிக்கறதில்லப்பா,” என்றாள். “ரொம்ப நாளா.”