உயிரோடு எத்தனை

ஆற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில் சேர வரும் பெண்கள் முதல் நாள் தங்களுக்குத் தாங்களே கருமாதி செய்துகொள்ள வேண்டும்.

வெள்ளைச் சேலை, கொஞ்சம் எள், மூன்று சோற்று உருண்டைகள். உருண்டைகளை ஆற்றில் விட்டபின் இடுப்பளவு நீரில் நின்று சொல்ல வேண்டும்: "நான் இறந்துவிட்டேன். எனக்கு யாரும் இல்லை. நான் யாருக்கும் இல்லை."

அதைச் சொல்லிக்கொடுப்பவள் அமலை. அது மடத்தில் வைத்த பெயர். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவளும் அதே நீரில் நின்று சொன்னவள்தான். அன்று அவள் அழவில்லை. இப்போது யாராவது பாதியில் அழுதால், "முதல்ல இருந்து சொல்லும்மா" என்பாள். சடங்கு நடக்கும்போது படித்துறைக்கு யாரும் வந்து கூப்பிடக் கூடாது என்று விதி வைத்தவளும் அவள்தான்.

மடத்துத் தலைவியை எல்லோரும் அம்மை என்று அழைத்தார்கள். அந்த விதியை அம்மை சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் மதியம் ரெஜினா டீச்சர் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தார். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கைப்பேசி. வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"எல்லாரும் இப்படி வந்து உக்காருங்க சிஸ்டர். சீக்கிரம் முடிச்சிடலாம்."

"சிஸ்டரா!" என்று சமையல்கட்டிலிருந்து காந்திமதி சிரித்தாள். மடத்தில் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். "டீச்சர், நீங்க செத்தவங்களையும் எண்ணுவீங்களா?"

"என்னது?"

"நாங்க எல்லாம் செத்தவங்க. போன தடவை ஒருத்தர் எண்ண வந்தாரு. அப்ப இருந்த பெரியம்மை வாசல்லயே நிறுத்தி, இங்க உயிரோட யாரும் இல்லைப்பான்னுட்டாங்க. மனுஷன் ஆளில்லாத வீடுன்னு எழுதிட்டு ஓடியே போயிட்டாரு."

"அடக் கடவுளே."

"அடுப்புல புளிக்குழம்பு கொதிக்குது. வாசனைகூடவா வந்திருக்காது அவருக்கு?"

டீச்சர் சிரித்துவிட்டுக் கைப்பேசியைத் திறந்தார். "சில கேள்வி சொந்த விஷயமா இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்றது வெளிய போகாது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. கோர்ட்டே கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. சட்டம் அப்படி."

காந்திமதி முதலில் உட்கார்ந்தாள். பெயர் சொன்னாள், வயதைக் குத்துமதிப்பாகச் சொன்னாள். சாதி என்றதும் நிறுத்தினாள்.

"அதை ஆத்துலயே விட்டாச்சே டீச்சர்." அம்மையைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லையா அம்மை?"

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "விட்டியே, அது எங்க போய் ஒதுங்குச்சுன்னு பார்த்தியா?"

காந்திமதி பழையபடி டீச்சர் பக்கம் திரும்பினாள். டீச்சரின் காதருகே குனிந்து சொன்னாள். கேட்காத தூரத்தில் இருந்தவர்களும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அத்தனை வருடம் அவள் கையால் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

அடுத்து அம்மை. கீரைக்கட்டை மடியிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். பிறந்த பெயரைச் சொன்னார். கணவர் இறந்துவிட்டார் என்றார்.

"பிறந்த குழந்தைங்க எத்தனைம்மா?"

"மூணு."

"உயிரோட?"

"ஒண்ணு."

டீச்சரின் விரல் கொஞ்சம் நின்றது.

"அவன் என்னோட பேசுறதில்லை," என்றார் அம்மை. "அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்லைம்மா."

"அப்ப ஒண்ணுன்னே போடு."

அமலை அம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு ஆண்டுகள் அவர் பக்கத்தில் படுத்தவள். இதை அவள் அறிந்ததில்லை.

அவள் முறை வந்தது.

"பேரு?"

"அமலை."

"வயசு?"

சொன்னாள்.

"கல்யாணம் ஆனவங்களா?"

"நான் இறந்தவள்."

டீச்சர் திரையைக் காட்டினார். "கல்யாணம் ஆகாதவங்க, ஆனவங்க, துணையை இழந்தவங்க, பிரிஞ்சவங்க, விவாகரத்து ஆனவங்க. நீங்க சொல்றது இதுல இல்லைங்களே சிஸ்டர்."

"பிரிந்தவள்."

"குழந்தை பிறந்திருக்கா?"

அமலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எத்தனைன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்."

"இதை நிரப்பாம அடுத்தது திறக்காதுங்க. உங்களுக்கு அப்புறம் இருக்கிறவங்களையும் எழுத முடியாது." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "நானும் பொம்பளைதான். கேக்குறதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு."

அமலை எழுந்துவிட்டாள்.

"டீச்சர், நீ முதல்ல சாப்பிடு," என்றார் அம்மை. "காந்திமதி, இலையைப் போடு."

அம்மை கீரைத் தண்டுகளை மாட்டுக்கு எடுத்துப் போனார். அமலை பின்னாலேயே போனாள்.

"அம்மை, இது என்ன கேள்வி? தெருவில் போகிற ஒருத்தி வந்து என் வயிற்றைப் பற்றிக் கேட்பதா?"

"தெருவுல போறவ இல்லை. கவர்மெண்ட் கேக்குது."

"கேட்டால் சொல்லிவிட வேண்டுமா?"

"வேண்டாமா?"

"ஒன்று என்று சொன்னால் நான் செய்த கருமாதி பொய். இல்லை என்று சொன்னால்..."

மாடு தண்டை இழுத்தது. அம்மை கையை விட்டார்.

"நான் எப்படி வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்," என்றாள் அமலை. "காது கிழிந்து வந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர அவர் விடவில்லை. அவளை நினைத்திருந்தால் இங்கே ஒரு நாள் இருந்திருக்க முடியாது. செத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லித்தான் பிழைத்தேன். இப்போது நான் எதைச் சொல்லட்டும்?"

அம்மை தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"நேத்து ஒரு பொண்ணு வந்தா," என்றார்.

"எங்கே?"

"இங்கதான். ஸ்கூல் யூனிஃபார்ம். சைக்கிள் செயின் கழண்டு கையெல்லாம் கிரீஸ். கழுவத் தண்ணி ஊத்தினேன். நல்லா வளர்ந்திருக்கா, என்னைவிட உயரம்."

அமலையின் கை தொழுவத்துக் கம்பத்தைப் பிடித்தது.

"அவங்க தெருவுக்கும் கணக்கெடுக்க ஒரு சார் வந்தாராம். அப்பாவைக் கேட்டிருக்காரு. அவரு துணையை இழந்தவர்னு போடச் சொல்லியிருக்காரு. இவ கதவுக்குப் பின்னால நின்னவ, இல்லை சார், எங்க அம்மா மடத்துல இருக்காங்கன்னு முன்னால வந்து சொல்லியிருக்கா."

"அப்புறம்?"

"அப்பா சிரிச்சாராம். அங்க போறவங்க தனக்குத் தானே கருமாதி பண்ணிக்கிட்டுத்தான் உள்ள போறாங்க, நான் ஒண்ணும் பொய் சொல்லலை, வேணும்னா போய் அவளையே கேட்டுப் பாருன்னாராம்."

"நான் செத்துவிட்டேன் என்று சொல்ல அவர் யார்?" அமலையின் குரல் உயர்ந்தது. மாடு தலையைத் தூக்கியது. "உயிரோடு இருக்கிறவளை, அரசாங்கக் கணக்கில், எந்த உரிமையில்..."

"நீ சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்காரு."

அமலையின் வாய் திறந்தபடி நின்றது.

"என்னை ஏன் கூப்பிடவில்லை?"

"காந்திமதியை அனுப்பினேன். நீ புதுசா வந்தவளுக்குச் சடங்கு பண்ணிக்கிட்டிருந்தே. யாரும் கூப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கேன்னு அவ பாதி வழியில திரும்பி வந்துட்டா."

"அய்யோ, அந்த விதி..."

"அப்புறம் நானே அந்தப் பொண்ணைப் படித்துறைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

அமலை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல்படியில நின்னோம். நீ தண்ணியில முதுகைக் காட்டி நின்னுக்கிட்டிருந்தே. புதுசா வந்தவ ஒரே அழுகை. நீ மறுபடி மறுபடி சொல்லிக் குடுத்தே."

அமலை கம்பத்தை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவள் கேட்டாளா?"

"தெளிவாத்தானே சொல்றே நீ. எல்லாருக்கும் கேட்கும்."

"எந்தத் தடவையைக் கேட்டாள்?"

"எல்லாத் தடவையும் ஒண்ணுதானே."

வாசல் பக்கம் காந்திமதி டீச்சரிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் போதும் போதும் என்றார்.

"உங்களுக்குத் தெரிந்தே அவளை அங்கே கூட்டிப் போனீர்கள்," என்றாள் அமலை.

"ஆமா."

"ஏன்?"

"அம்மாவைப் பார்க்கணும்னா. நீ அங்கதான் இருந்தே."

அமலை எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய சாணியைத் துடைக்காமல் வேகமாக முற்றத்துக்குப் போனாள். டீச்சர் கை கழுவிவிட்டு வந்திருந்தார்.

"எழுதிக்கொள்ளுங்கள். பிறந்தது ஒன்று."

"சரிங்க. உயிரோட?"

"ஒன்று. பெண். இளவேனில். வயது பதினான்கு."

"பேரு, வயசு எல்லாம் இதுல கேக்கலை சிஸ்டர். எண்ணிக்கை மட்டும்தான்."

"பெயரையும் எழுதுங்கள்."

"அதுக்கு இடம் இல்லைங்க."

எட்டு ஆண்டுகளில் முதல் முறையாக அந்தப் பெயரைச் சொல்லியிருந்தாள். டீச்சர் விரலால் இரண்டு முறை தொட்டார். அடுத்த பக்கம் திறந்துகொண்டது.

"அவர்கள் வீட்டில் எழுதியதை மாற்ற முடியுமா?"

"எந்த வீட்டுல?"

"கடைத்தெருவுக்குப் பின்னால். அவர் தப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் உயிரோடு இருக்கிறேன்."

"அது வேற ஒருத்தர் ஏரியா சிஸ்டர். அவர் என்ன எழுதினாருன்னு நான் பார்க்க முடியாது. அந்த வீட்டுக்காரர் சொல்றதைத்தான் எழுதுவாங்க. சரியா தப்பான்னு விசாரிக்க மாட்டாங்க."

"அப்படியென்றால் நான் இங்கே சொன்னது?"

"இங்க நீங்க சொன்னது இங்க."

"இதை அந்தப் பெண்ணிடம் காட்டுவார்களா?"

டீச்சருக்கு அது பயந்து கேட்ட கேள்வியாகப் பட்டது. அவள் கையைத் தொட்டு ஆறுதலாகச் சொன்னார். "கவலைப்படாதீங்க. நான்தான் முதல்லயே சொன்னேனே. நீங்க சொன்னது யாருக்கும் தெரியாது. உங்க சொந்தப் பொண்ணுக்கும் தெரியாது. என்னை நம்புங்க."

டீச்சர் மற்றவர்களையும் எழுதினார். நேற்று சேர்ந்த பெண்ணைக் கடைசியாக எழுதினார். அவள் வீங்கிய கண்களோடு எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்றாள். டீச்சர் கிளம்பியபோது காந்திமதி வாசல் வரை போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் திணித்தாள். "இந்தத் தடவை ஆள் இருக்குற வீடுதானே டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் சிரித்தார்.

அமலை உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அம்மை மிச்சக் கீரையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"ஒன்று என்று சொல்லிவிட்டேன் அம்மை."

"கேட்டுச்சு."

"அவளுக்குத் தெரியாதாம்."

அம்மை கீரையை முறத்தில் பரப்பினார்.

"போகும்போது அழுதாளா?"

"இல்லை. உன்னைப் போலத்தான்."

"ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டாள்?"

"செத்தவங்களுக்கு வருஷா வருஷம் திதி குடுக்கணுமாமே, எங்கப்பா குடுக்க மாட்டாரு, நான்தான் குடுக்கணும், எங்கம்மா செத்தது எந்த நாள்னு கேட்டா."

அமலை ஆற்றுப் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எனக்குத் தெரியாது, உங்கம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."