தனியாக வரவும்

"ஏழு வெள்ளிக்கிழமை ஆச்சுங்க அம்மிணி. வாயே திறக்க மாட்டேங்கறான்," என்றார் தண்டபாணி.

நஞ்சி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஆருங் சார்?"

"மருதன்தான். வேற ஆரு?"

இந்தத் தண்டபாணிக்கு வயது ஐம்பத்திரண்டு. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருபது வருஷம் மனநல ஆலோசகராக இருந்தவர். பரீட்சை பயம், காதல் தோல்வி, வீட்டுச் சண்டை என்று வந்த பிள்ளைகளை அழவிட்டு, அழுது முடித்ததும் முகம் கழுவச் சொல்லி, சிரிக்கவைத்து அனுப்பியவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் இப்போது அவருக்கு இவ்வளவு ஆற்றாமை.

நஞ்சிக்கு முப்பத்திநாலு. இருளப் பெண். பதினைந்து வயதில் மலையிலிருந்து மில் வேலைக்கு இறங்கி வந்தவள். ரயில் பாதை ஓரத்தில் அவள் நடத்தும் வீட்டுக்கு 'மலைவாழ் மக்கள் உதவி இல்லம்' என்று போர்டு இருக்கிறது. யாரும் அப்படிச் சொல்வதில்லை. நஞ்சி வீடு என்பார்கள்.

பிழைப்புக்காக டவுனுக்கு வந்த மலைச் சனங்களுக்கு எது வேண்டுமானாலும் அங்கேதான். ஜாதிச் சான்றுக்கு மனு எழுத, ரேஷன் கார்டுக்கு அலைய, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக, வாடகைக்கு வீடு பிடிக்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு.

தண்டபாணி அங்கே ஆலோசகராக வந்து சேர்ந்த அன்று கையைக் கட்டிக்கொண்டு, "உங்ககிட்டக் கத்துக்க வந்திருக்கேன்," என்றார்.

"கத்துக்க என்னங் சார் இருக்குது? வந்து இருங்க," என்றாள் நஞ்சி.

அவளுக்கு அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

மருதன் கதைக்கு வருவோம். கட்டட வேலைக்காரன், முப்பது வயசு. மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் பெண்சாதி மாசாணி காய்ச்சலில் கிடந்து பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. வேலைக்குப் போவது நின்றது. தட்டில் போட்டால் இரண்டு வாய் தின்பான், மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது.

அவன் அக்கா ரங்கிதான் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "எப்படியாச்சும் இவனப் பொழைக்க வையுங்க சார். இப்படியே உட்டா இவனும் அவ பின்னாடியே போயிருவான்."

தண்டபாணிக்கு அந்த வார்த்தைக்குப் பிறகு சோறு இறங்கவில்லை. வீட்டில் அவர் பெண்சாதி கிருஷ்ணவேணி, "மொகம் ஏன் இப்படித் தொங்குது?" என்று கேட்டால், "ஆபீஸ் விஷயம்," என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

வாராவாரம் மருதனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி. தனியாக வரவும்.

"வாரானுங்களா?" என்று கேட்டாள் நஞ்சி.

"டாண்ணு பத்து மணிக்கு வருவான். உக்காருவான். முக்கா மணி நேரம் செவுத்தப் பாப்பான். எந்திரிச்சுப் போயிருவான்."

"கதவச் சாத்துவீங்களா?"

"சாத்தாம? ரகசியம் காக்கணுமில்லைங்க."

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"மேசைக்கு இந்தப் பக்கம். அவன் எதுக்கால."

"எழுதுவீங்களா?"

"ஃபைல்ல எழுதித்தானே ஆகணும்?"

நஞ்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க சனத்துல ஒருத்தன மட்டும் உள்ள கூப்பிட்டு, கதவச் சாத்தி, எதுக்கால உக்காந்து, பேரக் கேட்டு எழுதுனா, அதுக்கு என்ன பேருன்னு தெரியுங்களா?"

"என்னங்க?"

"விசாரணை."

தண்டபாணிக்குச் சுருக்கென்றது. "நான் அவன என்ன திருடன்னா நெனச்சேன்?"

"நீங்க நெனைக்கலைங் சார்."

"அப்ப நான் என்னதான் பண்றது? சொல்லிக் குடுங்க."

நஞ்சி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் திருப்புளி இருந்தது. நேராக ஆலோசனை அறைக்குப் போய், கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். நீல பெயிண்ட் அடித்த புதுக் கதவு. தண்டபாணி அலைந்து திரிந்து போட வைத்தது.

"ஏனுங்க அம்மிணி, என்ன பண்றீங்க?"

"ஒரு கை பிடிங்க சார். கனமா இருக்குது."

பிடித்தார். வேறென்ன செய்வார்.

இருவரும் கதவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். முருங்கை மரத்தடியில் நாலு மூலைக்கும் செங்கல் அடுக்கி அதைப் படுக்கப் போட்டாள் நஞ்சி. அதன் மேல் ஒரு மூட்டை மொச்சைக்காயைக் கொட்டினாள். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சனம் தானாகவே சுற்றி உட்கார்ந்தது.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள் தண்டபாணியிடம்.

பாவம், மனுஷன் வாழ்நாளில் மொச்சை உரித்ததில்லை. அது தட்டுக்கு வரும்போதுதான் அவருக்கு அறிமுகம். தோலைச் சட்டியில் போட்டார், பருப்பைக் குப்பையில் போட்டார். இவர் ஒரு காய் உரிப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு கை நிறைய உரித்துவிட்டார்கள்.

"சார் இன்னிக்குத் தோலுக் கொழம்பு வெக்கறாருங்க," என்றாள் ரங்கி.

எல்லாரும் சிரித்தார்கள். தண்டபாணிக்குக் காது சிவந்தது. மருதன் மூலையில் உட்கார்ந்து உரித்தான். தலை தூக்கவில்லை.

"ஆலோசனை எப்பங்க ஆரம்பிக்கிறது?" என்று நஞ்சியின் காதில் கேட்டார்.

"இன்னும் பாதி மூட்டை இருக்குதுங் சார்."

அடுத்த வெள்ளிக்கிழமையும் மொச்சைதான். ஒருத்தர் வீட்டுக்காரர் வாடகை ஏற்றியதைச் சொன்னார், இன்னொருத்தி மில்லில் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினாள். மருதன் பேசவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, தண்டபாணி கொஞ்சம் வேகம் பிடித்து, பெருமையாக ஒரு குவியல் சேர்த்து வைத்திருந்தார். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த குரல்.

"அதுல பூச்சி இருக்குது சார். நல்லதோட சேத்துக் கலக்கிப் போட்டீங்க."

மருதன்தான்.

கிட்டத்தட்ட நாலு மாதத்துக்குப் பிறகு வந்த பேச்சு. ரங்கி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒன்றும் நடக்காத மாதிரி உரித்துக்கொண்டே இருந்தார்கள்.

தண்டபாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டென்று பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

அவ்வளவுதான். மருதன் வாய் மறுபடி பூட்டிக்கொண்டது.

நஞ்சி கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கினாள். கொண்டையில் செருகிக்கொண்டாள். மொச்சை உரிக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் வரை பேனா கொண்டையிலேயே இருந்தது. கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே பேனாவைச் செருகிக்கொண்டுதான் வந்தாள், குறும்புக்காரி.

அன்றைக்குத் தண்டபாணி ஒன்றும் கேட்கவில்லை. பூச்சி விழுந்ததைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே வந்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே ஆரம்பித்திருந்தது.

"அவளுக்கு மொச்சைன்னா உசுரு," என்றான் மருதன். யாரும் கேட்காமலே.

"ஆமா," என்றாள் ரங்கி. "உரிக்கிறதுல பாதி அவ வாய்க்குள்ளதான் போகும்."

மருதன் சிரிக்கப் பார்த்தான். வந்தது சிரிப்பில்லை.

"கொட்டு அடிக்கலியே அக்கா."

கதவைச் சுற்றி எல்லார் கையும் நின்றது.

அவர்கள் ஊரில் செத்தவர்களைக் கொட்டும் குழலும் வைத்து, சுற்றி நின்று ஆடித்தான் வழியனுப்புவார்கள். மாசாணியை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் ஏற்றி, டவுன் இடுகாட்டில் அரை மணி நேரத்தில் காரியத்தை முடித்துவிட்டார்கள். குடியிருந்த லைன் வீட்டு வாசலில் ஆடலாம் என்றால், இங்கே சத்தம் போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"ஆடாம அனுப்பிச்சுட்டேன்," என்றான் மருதன். "நாயப் பொதைக்கிற மாதிரி பொதைச்சுட்டு வந்துட்டேன்."

அழுதான். ரங்கி அவன் முதுகைத் தடவிக்கொண்டே அவளும் அழுதாள்.

தண்டபாணியின் வாயில் ஒரு பேச்சு தயாராக இருந்தது. இழப்பு, ஏற்பு, காலம் என்று இருபது வருஷம் சொல்லிச் சொல்லி வழவழப்பான பேச்சு. அதை முழுங்கிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார்.

"இப்ப நான் அவங்கிட்ட என்ன சொல்றதுங்க?"

நஞ்சி குழம்பைக் கிளறினாள்.

"உங்களுக்கு ஆடத் தெரியுங்களா சார்?"

"எனக்கா? என் கல்யாணத்துலகூட ஆடுனதில்லைங்க. சுத்தமாத் தெரியாது."

"அதச் சொல்லுங்க."

"எதைங்க?"

அவள் உப்புப் பார்க்கப் போய்விட்டாள்.

தண்டபாணி கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து மருதன் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

"மருதா, எனக்கு ஆடத் தெரியாது."

மருதன் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "என்னங் சார்?"

"ஆடத் தெரியாதுப்பா. மாசாணிக்கு ஆடணும்னா நானும் ஆடணுமில்ல? ஆரு சொல்லித் தருவா?"

மருதன் அவரை மேலிருந்து கீழே பார்த்தான். உள்ளே விட்ட சட்டை, பெல்ட், அதற்கு மேலே கொஞ்சம் தொப்பை, கீழே பாலிஷ் போட்ட செருப்பு.

"செருப்பக் கழட்டுங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நஞ்சி தெரு முழுக்க வீடு வீடாகப் போய், இன்றைக்குக் கொட்டுச் சத்தம் கேட்கும், சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். இஸ்திரிக்காரர் தன் வண்டியை நகர்த்தி இடம் விட்டார்.

"நாலு மாசம் கழிச்சு ஆடலாமுங்களா?" என்று தண்டபாணிக்கு ஒரு சந்தேகம்.

"லேட்டாப் போனா பஸ் போயிருங்களா சார்?" என்றாள் நஞ்சி.

கொட்டு விழுந்தது. குழல் எழுந்தது. முருங்கை மரத்தைச் சுற்றி வட்டம் கட்டினார்கள். மருதன் தண்டபாணியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"ரெண்டடி முன்னால. ஒரு அடி பின்னால. குனிங்க சார். குனிங்க. இல்ல, இப்ப இல்ல."

எல்லாரும் முன்னால் போனபோது அவர் பின்னால் போனார். எல்லாரும் குனிந்தபோது அவர் மட்டும் லைட் கம்பம் மாதிரி நின்றார். ரங்கியின் காலை மிதித்தார். மன்னிப்புக் கேட்க நின்றதில் பின்னால் வந்தவர் வந்து மோதினார்.

"மாசாணி," என்று வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள் ரங்கி. "பாத்துக்கிட்டியா புள்ள? உனக்கு ஆட காலேஜ் வாத்தியாரே வந்திருக்காரு."

சிரிப்பு வெடித்தது. மருதன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தான், ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. வெயில் ஏறியது. இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வட்டத்துக்குள் வந்தார். தண்டபாணிக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம், காலும் கொட்டும் சேர்ந்துகொண்டன.

ஆட்டம் முடிந்து, நீலக் கதவின் மேல் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். மருதன் மூன்று தரம் களி வாங்கினான். மொச்சைக் குழம்புக்கு நாலாவது தரமும் கை நீட்டினான். ரங்கி பரிமாறிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தண்டபாணி மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நஞ்சி வந்து கொண்டையிலிருந்து பேனாவை உருவி அவரிடம் நீட்டினாள்.

"இருக்கட்டுங்க அம்மிணி. உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது," என்றார்.

அப்போது மருதன் கை கழுவிவிட்டு வந்தான். சட்டைப் பையில் துழாவி, மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தான்.

தண்டபாணி பிரித்துப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி.

"உங்க காலு இன்னும் சரியில்லைங் சார்," என்றான் மருதன். "வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துருங்க."

"வந்துர்றேன்ப்பா."

மருதன் நாலடி போய்விட்டுத் திரும்பினான்.

"தனியா வராதீங்க."